குறிப்புகளை அடுக்குதல்: ஒரு சிறு வரலாறு

நண்பர் ஒருவர் மறைந்து சில மாதங்களுக்குப் பின் அவருடைய குடும்பத்தார் எங்களிடம் ஒரு கோப்பைச் சேர்ப்பித்தனர். பதினொரு ஆண்டுகளாக அவர் வாசித்த நூல்கள், கேட்ட உரைகள், எழுத நினைத்துக் கைவிட்ட கட்டுரைகள் ஆகிய அனைத்தையும் பற்றிய குறிப்புகள் அந்த ஒரே கோப்பில் இருந்தன. அலங்காரம் ஏதுமற்ற வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு குறிப்பின் தலைப்புக்கு முன்னும் ஒரு நட்சத்திரக் குறி; அதன் உட்குறிப்புக்கு இரண்டு; அதற்கும் உட்பட்டதற்கு மூன்று. இவ்வாறு கிளை பிரிந்து சென்ற ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு குறிப்புகள். அவற்றிலிருந்து ஒரு சிறு தொகுப்பை உருவாக்குவது எங்கள் எண்ணம்.

தேடுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று, எங்களில் நிரல் எழுதத் தெரிந்த ஒருவர், நண்பர் பயன்படுத்திய உரைத்தொகுப்பியில் ஆறேழு வரிகளைச் சேர்த்தார். அதன்பின் கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் தலைப்புகள் தாமாகவே வரிசையில் அமைந்துகொண்டன. இரண்டு வார காலம் எங்களுக்கு மகிழ்ச்சிதான். பிறகு ஒரு நாள் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. "மேலே சொன்னதற்கு இது நேர் எதிர்" என்று தொடங்கியது அது. மேலே இருந்ததோ, நூலகச் சந்தா கட்டவேண்டிய தேதி.

நண்பர் எதை எதற்கு எதிராக வைத்தார்? அவர் எழுதிய ஒரு சொல்லும் அழியவில்லை. ஆனால் சொற்களுக்கு வெளியே, குறிப்புகளின் அண்மையில் அவர் வைத்திருந்த ஒன்று அழிந்துவிட்டது. பிழை கருவியினுடையதன்று, நாங்கள் கேட்டதைத்தான் அது செய்தது. என்ன கேட்கிறோம் என்பதை அறியாமல் கேட்டோம். இந்தச் சிறு விபத்து எங்களை ஒரு நீண்ட வரலாற்றுக்குள் இட்டுச் சென்றது. அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

குறிப்புகளை அடுக்கும் கலைக்கு ஐரோப்பாவில் இரு வழிகள் இருந்தன. ஒன்று, குறிப்பையே இடம் மாற்றுவது. மற்றொன்று, குறிப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதற்குச் செல்லும் வழிகாட்டியை மட்டும் அடுக்குவது.

முதல் வழியின் பெரிய ஆசான் ஜூரிச் நகரத்து அறிஞர் கான்ராட் கெஸ்னர். லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு மொழிகளில் எழுதிய ஆசிரியர்கள் அனைவரையும் ஒரே பட்டியலில் அடக்க முயன்ற பெருநூலை அவர் 1545இல் வெளியிட்டார். அதைப் பொருள்வாரியாகப் பகுத்துக் காட்டும் தொடர்நூல் 1548இல் வந்தது. அட்டவணை தயாரிக்கும் முறையை அவர் அதில் விளக்குகிறார். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுக. கத்தரிக்கோலால் குறிப்புகளைத் தனித்தனிச் சீட்டுகளாக வெட்டுக. முதலில் பெரிய பிரிவுகளாகப் பிரித்து, பின் ஒவ்வொரு பிரிவையும் மேலும் நுணுக்கமாகப் பிரித்துக்கொண்டே செல்க. வரிசை திருப்தியளித்தபின் ஒட்டுக. இன்றைய கணிப்பொறியியல் மாணவர் இதைப் படித்தால், தாம் பாடத்தில் கற்ற வரிசைப்படுத்தும் முறைகளில் ஒன்று கத்தரியும் பசையுமாக நிற்பதைக் கண்டு வியப்பார்.

வெட்டிய சீட்டுக்கு விடுதலை கிடைக்கிறது. கூடவே தொலைந்துபோகும் உரிமையும் கிடைத்துவிடுகிறது. இதற்குப் புகழ்பெற்ற சான்று ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. தன்னார்வலர்கள் அனுப்பிய லட்சக்கணக்கான சீட்டுகளை ஜேம்ஸ் மர்ரேயும் அவருடைய உதவியாளர்களும் சிறு மாடங்களில் அடுக்கி அந்த அகராதியை உருவாக்கினர். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லுக்குரிய சீட்டுகள் எங்கோ தவறிவிட்டன. அச்சொல் முதற்பதிப்பில் இடம்பெறவேயில்லை. 1933இல் வந்த துணைத்தொகுதியில்தான் சேர்ந்தது.

இரண்டாம் வழியைத் தெளிவாக வகுத்தவர் தத்துவவாதி ஜான் லாக். அவருடைய முறை 1686இல் ஒரு பிரெஞ்சு மொழி இதழில் வெளியானது. அவர் மறைந்தபின் 1706இல் ஆங்கிலத்திலும் வந்தது. கட்டிய குறிப்பேட்டின் தொடக்கத்தில் இரண்டு பக்க அட்டவணை ஒன்று வேண்டும் என்கிறார் லாக். ஒவ்வொரு தலைப்புச் சொல்லுக்கும் முதல் எழுத்தையும், அதற்குப்பின் வரும் முதல் உயிரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இருபது எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயிர்கள். ஆக நூறு கட்டங்கள். புதிய தலைப்பு வரும்போது அடுத்த வெற்றுப் பக்கத்தை அதற்கு ஒதுக்கி, பக்க எண்ணை உரிய கட்டத்தில் குறித்துவிட்டால் போதும்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. மெய்யையும் உயிரையும் இணைத்து ஒரு கட்டம் அமைப்பது நமக்கு அரிச்சுவடியிலேயே பழக்கமான செயல். லாக் தம் மொழிகளுக்காக உருவாக்கிக்கொண்டது ஒருவகையில் நம் உயிர்மெய் அட்டவணையே. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. லாக்கின் ஏட்டில் தலைப்புகள் வந்த வரிசையிலேயே பக்கங்களைப் பெற்றன. எழுதியது இடம் மாறவில்லை. அடுக்கப்பட்டது அட்டவணை மட்டுமே.

*

இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு வழிகளும் புதிய உருவம் கொண்டன. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் 1950களில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் ஏறத்தாழ 90,000 சீட்டுகளை எழுதி மரப்பெட்டிகளில் சேர்த்தார். அவர் 1998இல் மறைந்தார். அப்பெட்டிகள் இன்று அவர் பணியாற்றிய பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளன. லூமான் சீட்டுகளைப் பொருள்வாரியாகவோ அகரவரிசையிலோ அடுக்கவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் உண்டு. 1 என்ற சீட்டிலிருந்து கிளைத்த எண்ணம் 1அ. அதிலிருந்து கிளைத்தது 1அ1. எண்ணும் எழுத்துமாக மாறி மாறி வளரும் இந்த முகவரி ஒருமுறை இடப்பட்டால் பிறகு மாறவே மாறாது. மாறாத இடம் இருந்ததால்தான் ஒரு சீட்டு மற்றொன்றை நம்பிக்கையோடு சுட்ட முடிந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டக்ளஸ் எங்கல்பார்ட் இதே சிக்கலைத் திரையில் எதிர்கொண்டார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கூடியிருந்த கணிப்பொறி வல்லுநர்கள் முன் அவர் தம் குழுவின் கருவியைச் செய்து காட்டினார். மௌஸ் என்னும் சுட்டுகருவி பொதுமேடையில் செய்து காட்டப்பட்ட நிகழ்வு என்றே பலர் அதை நினைவுகூர்கின்றனர். ஆனால் அன்று அவர் முதலில் எடுத்துக்கொண்டது ஒரு கடைப் பட்டியல். வாங்கவேண்டிய பொருட்களை வகை பிரித்துத் தலைப்புகளுக்குக் கீழ் நகர்த்தினார், கிளைகளை மடக்கித் தலைப்புகளை மட்டும் காட்டினார், மீண்டும் விரித்தார்.

எங்கல்பார்ட்டின் கருவியும் எண்ணும் எழுத்தும் மாறி மாறி வரும் முகவரியையே ஒவ்வொரு வரிக்கும் இட்டது. ஒற்றுமை அத்துடன் முடிகிறது. லூமானின் எண் சீட்டோடு பிறந்து சீட்டோடு கிடப்பது. எங்கல்பார்ட்டின் எண் இடத்தைக் குறிப்பது. வரியை நகர்த்தினால் எண்ணும் மாறிவிடும். ஆயினும் அவர் மற்றொன்றையும் சேர்த்தே செய்திருந்தார். கோப்பைத் தொடாமல், அதன் தோற்றத்தை மட்டும் மாற்றிக் காணும் வசதி அதில் இருந்தது. முதல் நிலைத் தலைப்புகள் மட்டும் தெரியட்டும், ஒவ்வொன்றிலும் முதல் வரி மட்டும் தெரியட்டும் என்று கேட்கலாம். உள்ளது ஒன்று, காண்பது வேறு என்ற பிரிவு அப்போதே வந்துவிட்டது.

*

இனி உரைத்தொகுப்பிக்கு வருவோம். 1970களின் நடுவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் டெக்கோ என்ற தொகுப்பி வழக்கில் இருந்தது. அதில் குறுங்கட்டளைகளை எழுதிச் சேர்க்க முடியும் என்பதால் ஒவ்வொருவரும் தமக்கேற்ற கட்டளைத் தொகுதி ஒன்றை வளர்த்துக்கொண்டனர். விளைவு, ஒருவருடைய தொகுப்பியில் மற்றவர் வேலை செய்ய இயலாத நிலை. இவற்றையெல்லாம் ஒன்றாக்கும் முயற்சியை கய் ஸ்டீல் தொடங்க, ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னெடுத்து 1976இல் ஈமாக்ஸை உருவாக்கினார். பின்னர் லிஸ்ப் மொழியின் ஒரு வகையை உள்ளடக்கி அவர் புதிதாக எழுதிய குனு ஈமாக்ஸ் 1985இல் வெளியானது. பயனர் தம் கருவியின் உள்ளே புகுந்து அதன் நடத்தையையே மாற்றலாம் என்பது இதன் அடிப்படைக் கொள்கை. தச்சர் தம் உளியின் பிடியைத் தாமே செதுக்கிக்கொள்வதைப் போன்றது இது.

வரிகளையும் பத்திகளையும் வரிசைப்படுத்தும் கட்டளைகள் ஈமாக்ஸில் உண்டு. அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு பொதுச் செயல்கூறு. அது தன்னை அழைப்பவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்கிறது. அடுத்த உருப்படி எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது? அந்த உருப்படிக்குள் ஒப்பிடவேண்டிய பகுதி எங்கே தொடங்குகிறது? அது எங்கே முடிகிறது? விரும்பினால் ஐந்தாவதாக ஒன்றுக்கும் விடை தரலாம்: இரண்டு பகுதிகளில் எது முந்தியது என்று எப்படித் தீர்மானிப்பது?

இக்கேள்விகளை நாங்கள் பலமுறை படித்தோம். கருவியைத் தன் விருப்பத்திற்கு வளைப்பது என்பது உண்மையில் இவற்றுக்கு விடை சொல்வதே. குறிப்பு என்பது எது, அதன் எல்லை எது, அதில் எதை முக்கியமெனக் கருதுகிறோம் என்பவற்றை நாம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாத எதையும் இயந்திரம் அறியாது. நண்பர் ஒரு குறிப்பின் கீழ் மற்றொன்றை எழுதியதன் காரணம் கோப்பில் எங்கும் எழுத்தாக இல்லை. எனவே அது ஒப்பிடப்படும் பகுதிக்குள் வரவில்லை, எனவே அழிந்தது.

கிளைவிட்ட குறிப்புகளை அடுக்கும்போது மேலும் ஒரு சிக்கல் உண்டு. வரிகளை வெறுமனே வரிசைப்படுத்தினால் பிள்ளைகள் பெற்றோரை விட்டுச் சிதறிவிடும். இதற்குத் தீர்வு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் உருவாக்கிய ஆர்க் மோட் என்ற நீட்சியில் உள்ளது. தம் வாழ்க்கையையும் ஆய்வுப் பணிகளையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள 2003இல் அவர் அதைத் தொடங்கினார்; 2007இல் வெளியான ஈமாக்ஸ் 22ஆம் பதிப்பிலேயே அது உடன்சேர்ந்து வந்தது. அதில் ஒரு தலைப்பின் கீழுள்ள கிளைகளை அகரவரிசையில், எண்வரிசையில், தேதியின்படி, முதன்மையின்படி, நாமே வைத்த ஏதேனும் ஒரு பண்பின்படி அடுக்கலாம். கிளை நகரும்போது அதன் உட்கிளைகளும் உடன் நகரும். கோப்பைச் சேமிக்கும் நொடிக்குச் சற்று முன்பு நாம் விரும்பும் கட்டளையை நிறைவேற்றும் வசதியும் ஈமாக்ஸில் உண்டு. கொக்கி என்றே அதற்குப் பெயர். எங்கள் நண்பர் அடுக்கும் கட்டளையை இந்தக் கொக்கியில் மாட்டியதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அதே ஆர்க் மோடில் மற்றொரு கதவும் திறந்தே இருந்தது. கோப்பிலுள்ள குறிப்புகளைத் திரட்டி, வேண்டிய வரிசையில் தனிச் சாளரத்தில் காட்டும் நிரல்பார்வை அது. கோப்பில் ஓர் எழுத்தும் நகராது. கெஸ்னரின் கத்தரியும் லாக்கின் அட்டவணையும் ஒரே பட்டறையில் அருகருகே தொங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் கத்தரியை எடுத்தோம்.

*

ஐந்தாவது கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தமிழில் எழுதும் எவரையும் தொடுவது. நண்பரின் தலைப்புகள் அகரவரிசையில் வந்துவிட்டன என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். ஊன்றிப் பார்த்தபோது அன்பு, அப்பம், அரசு, அறம், அலை, அழகு, அவல் என்ற போக்கில் அவை நின்றன. பள்ளிப் பிள்ளையும் திருத்திவிடும்: அப்பம், அரசு, அலை, அவல், அழகு, அறம், அன்பு என்றல்லவா வரவேண்டும்?

காரணம் யூனிகோடில் எழுத்துகளுக்கு இடப்பட்ட எண்கள். 1991இல் வெளியான யூனிகோடின் இந்திய மொழிப் பகுதிகள், 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரமான இஸ்கி அமைப்பைப் பின்பற்றியவை. இஸ்கியோ இந்திய எழுத்துமுறைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சட்டகம். அச்சட்டகத்தில் னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ளகரமும் ழகரமும் லகரத்தை ஒட்டியும் வைக்கப்பட்டன. புள்ளிக்கு எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்திய எண் கிடைத்தது. எனவே வெறும் எண்ணை ஒப்பிடும் கருவி அகம் என்பதை அக்கம் என்பதற்கு முன் வைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் அக்கம் முந்தும், அகம் பிந்தும்.

வரிசை என்பது நம் மரபில் சிறிய விஷயம் அன்று. எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவதாகத் தொல்காப்பியம் தன் தொடக்கத்திலேயே கூறுகிறது. நன்னூல் எழுத்திலக்கணத்தைப் பன்னிரண்டாகப் பகுக்கும்போது 'முறை' என்பதை அவற்றில் ஒன்றாக வைக்கிறது. ஆயினும் சொற்களை அந்த முறைப்படி அடுக்கும் வழக்கம் பின்னர்தான் வந்தது. திவாகரம் போன்ற நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள்வழித் தொகுதிகளாகவே சொற்களை வைத்தன. இன்றைய சொல்லில் கூறினால் நிகண்டு ஒரு கிளைக்குறிப்பு. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்தைக் கொண்டு சொற்களை வகுத்தது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. அகரத்தை ஆதியாகக் கொண்டது அகராதி. அச்சொல்லே ஒரு வரிசை விதிதான். நிகண்டிலிருந்து அகராதிக்கு வந்தபோது தேடுவது எளிதாயிற்று; மரத்தின் பக்கத்தில் மரம் நிற்பது இல்லாமல் போயிற்று. எங்கள் கோப்பில் இரண்டு வாரங்களில் நடந்தது, மொழியில் நூற்றாண்டுகளாக நடந்ததன் ஒரு குறுநிகழ்வு.

யூனிகோட் எண்வரிசை அகரவரிசை அன்று என்பதை அத்தரத்தை வகுத்தவர்களே தெளிவாகச் சொல்லி, ஒப்பிடுவதற்கெனத் தனி விதிமுறையையும் வகுத்திருக்கின்றனர். மொழிவாரி விதிகளில் தமிழுக்கும் இடமுண்டு. 2016இல் வந்த ஈமாக்ஸ் 25ஆம் பதிப்பிலிருந்து, இயங்குதளம் வைத்திருக்கும் மொழி விதியைக் கேட்டு ஒப்பிடும் செயல்கூறும் கிடைக்கிறது. ஐந்தாவது கேள்விக்கு அதை விடையாகத் தந்தால் வரிசை பெருமளவு சீராகும். ஆனால் தருபவர் நாமாக இருக்க வேண்டும். கருவி தானாகத் தராது.

*

நண்பரின் கோப்புக்குத் திரும்புவோம். ஈமாக்ஸ் ஒவ்வோர் அமர்விலும் முதல்முறை சேமிக்கும்போது முந்தைய வடிவத்தைப் பெயரின் இறுதியில் அலைக்குறியிட்டுப் பத்திரப்படுத்தும். நாங்கள் விழித்துக்கொண்டபோது அந்தப் பிரதியும் பல அமர்வுகளைத் தாண்டி, ஏற்கெனவே அடுக்கப்பட்டதாகவே இருந்தது. நல்வேளையாக எங்களில் ஒருவரிடம் நான்கு ஆண்டுகளுக்கு முன் நண்பரே கொடுத்த ஒரு பிரதி இருந்தது. அதுவரையிலான வரிசை முழுமையாக மீண்டது. எஞ்சிய முந்நூறு குறிப்புகளைத் தேதி, அப்போது வந்த நூல்கள், அவர் எங்களுக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். இந்த வேலைக்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

இதில் ஒரு கணிப்பொறிக் கருத்து எங்களுக்குப் பெரிதும் துணைநின்றது. வரிசைப்படுத்தும் முறைகளில் நிலையானவை என்று ஒரு வகை உண்டு. ஒப்பிடும் பகுதி சமமாக இருக்கும் உருப்படிகளின் முன்வரிசையை அவை குலைப்பதில்லை. ஜான் வான் நாய்மன் 1945இல் வகுத்த இணைப்பு வரிசை முறையை அவ்வாறு நிலையானதாக அமைக்க முடியும். ஈமாக்ஸின் வரிசைமுறையும் நிலையானதே. ஒரே தேதியுள்ள குறிப்புகளை எங்கள் நிரல் எந்த வரிசையில் கண்டதோ அதே வரிசையில் விட்டுவைத்தது. எனவே ஒரு முறை கையால் சரிசெய்த இடம் மறுமுறை குலையவில்லை. தனக்குத் தெரியாததைத் தொடாமல் விடும் பண்பு ஒரு நிரலுக்கும் இருக்கக்கூடும் என்பதை அப்போது உணர்ந்தோம்.

இப்போது ஒவ்வொரு குறிப்புக்கும் லூமானைப் பின்பற்றி மாறாத வரவெண் ஒன்றை இட்டிருக்கிறோம். கொக்கியை அகற்றிவிட்டோம். அகரவரிசை வேண்டியவர் நிரல்பார்வையில் காணலாம். தமிழ் வரிசையிலேயே காணலாம். தவறிக் கோப்பையே அடுக்கிவிட்டாலும், வரவெண்ணின்படி மறுபடி அடுக்கினால் பழைய நிலை திரும்பிவிடும். முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

இடம் தெரியாத குறிப்புகள் பதினேழு எஞ்சின. அவற்றைக் கோப்பின் இறுதியில் தனித்தலைப்பின் கீழ் வைத்திருக்கிறோம். "மேலே சொன்னதற்கு இது நேர் எதிர்" என்பது அவற்றில் முதலாவது. நாவலில் மௌனம் பற்றிய நான்கு வரிகள் அவை. அதற்கு மேலே நின்றிருக்கக்கூடிய குறிப்புகளாக ஐந்தைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஐந்தில் எதன் கீழ் வைத்தாலும் பொருள் வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு பொருளாக வருகிறது. தொகுப்பு அச்சுக்குச் செல்லுமுன் அவற்றில் ஒன்றை நாங்கள் தேர்ந்தாக வேண்டும். இதுவரை தேரவில்லை.